வீட்டுக் கிளியும் நுரையீரல் நலமும்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு விளக்கம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்திலும் கிளி வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியோர் மட்டுமே இருக்கும் இல்லங்களில் ரேழியிலோ தாழ்வாரத்திலோ தொங்கும் கூண்டுக் கிளியே அவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதுண்டு. அவ்வீட்டில் ஒருவருக்கு நீண்ட இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்படும்போது, கிளிக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் எண்ணம் பலருக்கு எழுவதில்லை. எழுந்தாலும், பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி தவறு என்று கேள்விப்பட்டிருப்பதால், மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயங்குகின்றனர்.

அத்தயக்கம் நோயறிதலைத் தாமதப்படுத்தும். கிளியினால் வரக்கூடிய நோய்கள், அவற்றின் அறிகுறிகள், கிளியை நலமாகப் பேணும் முறை, கிளியை முறையாக ஒப்படைக்கும் வழி ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

- காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்காக மருத்துவரை நாடும்போது, வீட்டில் கிளி, புறா அல்லது வேறு பறவை இருப்பதைக் கேட்பதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.
- கிளிக்காய்ச்சல் உரிய மருந்தால் குணமாகும். ஆனால் நிமோனியாவுக்கு வழக்கமாகத் தரப்படும் சில மருந்துகள் இதற்குப் பயன் தருவதில்லை.
- பறவைத் தூசியால் வரும் நுரையீரல் ஒவ்வாமை நோயில், மருந்தைவிடப் பறவையிடமிருந்து விலகுவதே முதன்மையான சிகிச்சை ஆகும்.
- இந்தியக் கிளியினங்களைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளன. வீட்டிலுள்ள கிளியை வெளியே பறக்கவிடாமல், வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

கிளியின் ஆயுட்காலம்

தமிழகத்தில் கூண்டுகளில் பெரும்பாலும் காணப்படுவது, கழுத்தில் செவ்வளையம் கொண்ட பச்சைக்கிளியாகும். செந்தார்ப் பைங்கிளி என்றும் இதனைக் குறிப்பர். நல்ல பராமரிப்பில் இது 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும். தோளில் சிவப்புத் திட்டுடைய பெரிய பச்சைக்கிளியும் ஏறத்தாழ அவ்வளவு காலம் வாழும். வெளிநாட்டு இனங்களுள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 முதல் 60 ஆண்டுகளும், மக்காவ், காக்கட்டூ போன்ற பெரிய கிளிகள் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதுண்டு. காக்கட்டெயில் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்னும் பெயரில் விற்கப்படும் பட்ஜெரிகார் 5 முதல் 10 ஆண்டுகள் வாழும்.

இந்த நீண்ட ஆயுளுக்கு உடல்நலம் சார்ந்த இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, வீட்டிலுள்ளோர் பல்லாண்டுகள் தொடர்ந்து இறகுத் தூசியையும் எச்சத் தூசியையும் சுவாசிக்கின்றனர். மற்றொன்று, 50 வயதில் கிளி வளர்க்கத் தொடங்கியவர் 75 வயதில் இன்ஹேலரோடும் ஆக்சிஜனோடும் இருக்கும்போதும் அக்கிளி உயிரோடு இருக்கும். அப்போது அதைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் நோயாளியைக் கவனித்துவரும் பராமரிப்பாளரிடமே வந்து சேரும்.

திருவரங்கமும் கிளியும்

கிளிமீது இப்பகுதி மக்கள் கொண்டுள்ள அன்பு சமய மரபோடு இணைந்தது. வெள்ளத்தாலும் மணலாலும் மூடி மறைந்திருந்த அரங்கன் கோயிலின் இருப்பிடத்தை, ஒரு கிளி சொன்ன சுலோகத்தைக் கேட்டுச் சோழ மன்னன் அறிந்தான் எனத் தலவரலாறு கூறும். அம்மன்னன் கிளிச்சோழன் எனப்பட்டான். கோயிலின் உட்சுற்றில் கிளி மண்டபம் உள்ளது. அரங்கனை மணந்த ஆண்டாளின் திருவுருவமும் கையில் கிளியோடு விளங்குகிறது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்தப்படும் கிளி, நாள்தோறும் இலைகளாலும் மலர்களாலும் புதிதாகச் செய்யப்படுகிறது. கூண்டில் அடைபட்ட பறவை ஏதுமின்றியே அம்மரபு தொடர்ந்து வருவதை நினைவிற் கொள்ளலாம்.

கிளியைப் பிரிவது தெய்வக் குற்றமாகுமோ என்று வீட்டு முதியவர் அஞ்சினால், பராமரிப்பாளர் அவ்வச்சத்தை எள்ளாமல், இவற்றை எடுத்துக் கூறி ஆறுதல் அளிக்க வேண்டும்.

எந்தக் கிளியை வளர்க்கலாம்?

இந்தியக் கிளியினங்கள்: பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி முதலியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பாதுகாக்கப்பட்டவை. இச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தப்பட்ட சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இவ்வினங்களைப் பிடித்தல், விற்றல், வாங்குதல், கூண்டில் வைத்திருத்தல் ஆகியவை சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றங்களாகும். கிளி சோதிடத்துக்காகக் கிளியை வைத்திருப்பதற்கும் இது பொருந்தும்.

தென்னை, பனை முதலிய மரங்களின் பொந்துகளிலிருந்து குஞ்சுகளை எடுத்தே இவ்வணிகம் நடைபெறுகிறது. இறகு முளைக்காத நிலையில் நெரிசலான கூடைகளில் அடைத்துக் கொண்டுசெல்லப்படும் குஞ்சுகளில் பல இறக்கின்றன. எஞ்சியவை பசியாலும் அச்சத்தாலும் நலிகின்றன. அந்நலிவே அவற்றின் உடலில் உறங்கிக்கிடக்கும் கிருமிகள் வெளிப்படக் காரணமாகிறது.

வெளிநாட்டுக் கிளியினங்கள்: ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்களை வைத்திருப்போர், 2024-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விதிகளின்படி, பரிவேஷ் இணையதளத்தில் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். அவை கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பட்ஜெரிகார், காக்கட்டெயில் ஆகியவை அப்பன்னாட்டுப் பட்டியலில் இல்லை. எனினும் கீழே கூறப்படும் உடல்நல முன்னெச்சரிக்கைகள் அவற்றுக்கும் முழுமையாகப் பொருந்தும்.

கிளிக்காய்ச்சல்

கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோய் சிட்டகோசிஸ் எனப்படும். கிளியினங்களில் மிகுதியாகக் காணப்பட்டாலும், புறா, வாத்து, வான்கோழி ஆகியவற்றிடமிருந்தும் இது பரவும். கிருமி பறவையின் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளியேறுகிறது. எச்சம் உலர்ந்து தூசியாகிக் காற்றில் கலக்கும்போது மனிதர் அதைச் சுவாசிக்கின்றனர். வாயோடு அலகு சேர்த்து உணவூட்டுவதாலும் முத்தமிடுவதாலும் பரவலாம். நோயுற்ற பறவை வெளித்தோற்றத்தில் நலமாகவே காணப்படலாம். இடமாற்றம், நெரிசல், பசி முதலிய நெருக்கடிகளின்போது அது மிகுதியாகக் கிருமியை வெளியேற்றும். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் பரவுவது மிக அரிது. நன்கு சமைத்த இறைச்சியால் பரவுவதில்லை.

கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். அவையாவன:

- திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம்
- கடும் தலைவலி, உடல்வலி
- வறட்டு இருமல்
- நோய் முற்றினால் மூச்சுத்திணறலும் நிமோனியாவும்

சிலருக்கு இதயம், கல்லீரல், மூளை ஆகியவையும் பாதிக்கப்படலாம். 2023-ஆம் ஆண்டிலும் 2024-இன் தொடக்கத்திலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இந்நோய் வழக்கத்தைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அப்போது ஐந்து பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது.

டாக்சிசைக்ளின் வகை மருந்தே இதற்கு முதன்மையான சிகிச்சை. தொடங்கிய ஓரிரு நாள்களில் காய்ச்சல் தணியத் தொடங்கும். ஆயினும் மருத்துவர் குறித்த நாள்கள் முழுவதும் மருந்தை உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். கருவுற்றோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்வு செய்வார். நிமோனியாவுக்குப் பரவலாகத் தரப்படும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இக்கிருமிக்கு எதிராகப் போதிய பயன் அளிப்பதில்லை. வீட்டில் கிளி இருப்பதை மருத்துவர் அறிந்தால்தான் உரிய மருந்தை முதலிலேயே தர இயலும்.

பறவைத் தூசியால் வரும் நுரையீரல் ஒவ்வாமை நோய்

இது தொற்றுநோய் அன்று. பறவையின் இறகுத் தூசியிலும் எச்சத்திலும் உள்ள புரதங்களைச் சிலரின் நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி எதிர்க்கிறது. அதனால் நுரையீரலின் நுண்ணறைகளில் அழற்சி உண்டாகிறது. மருத்துவத்தில் இதனை ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்பர். பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய் என்பது இதன் ஒரு வகை. ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் இந்நோய் வந்து மற்றவர்கள் நலமாக இருப்பது இயல்பே. ஆகவே "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று பிறர் கூறுவதை வைத்து, கிளி காரணம் அன்று என முடிவு செய்யக் கூடாது.

கூண்டைச் சுத்தம் செய்த சில மணி நேரத்துக்குப் பின் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சு இறுக்கம் ஆகியவை தோன்றி, ஓரிரு நாளில் தாமே தணிவது ஒரு வகை. மற்றொரு வகை மெதுவாக வளர்வது. படியேறும்போது மூச்சு வாங்குதல், மாதக்கணக்கில் தொடரும் வறட்டு இருமல், எடை குறைதல், சோர்வு ஆகியவை சிறுகச் சிறுகக் கூடும். முதுமையின் தளர்ச்சி என்று இதனைக் கருதிவிடுவோர் பலர். கவனிக்காது விட்டால் நுரையீரலில் நிலையான தழும்பு உண்டாகலாம். அத்தழும்பு மீண்டும் மறையாது.

இந்தியாவில் 19 நகரங்களிலுள்ள 27 மையங்களில், நுரையீரல் இடைத்திசு நோயுற்ற 1,084 பேரை ஆராய்ந்த பதிவேட்டின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. அவர்களுள் 47.3 விழுக்காட்டினருக்கு இருந்தது இந்த ஒவ்வாமை நுரையீரல் நோயே. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். ஆகவே கிளி ஒன்றையே காரணமாகக் கொள்ளாமல், ஏர்கூலர், ஈரம் படிந்த சுவர்ப் பூஞ்சை, மாடத்தில் அடையும் புறாக்கள், இறகுத் தலையணை ஆகிய அனைத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

சி.டி. ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் சோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் இந்நோய் கண்டறியப்படுகிறது. இரத்தத்தில் பறவைப் புரதத்துக்கு எதிரான பொருள் இருப்பது, அப்பறவையோடு பழகியதை மட்டுமே காட்டும். அதுவே நோய்க்குச் சான்றாகாது. ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத் தணிக்கும். ஆனால் தூசியைச் சுவாசிப்பது தொடர்ந்தால் நோயும் தொடரும். நோய் உறுதியானால் கிளி வீட்டை விட்டு அகல வேண்டும். கூண்டை மாடிக்கு மாற்றுவது போதாது. கிளி அகன்ற பின்னும் அதன் புரதங்கள் திரைச்சீலை, மெத்தை, பரண் ஆகியவற்றில் பல மாதங்கள் தங்கியிருக்கும். ஆகையால் நோயாளி வேறிடத்தில் இருக்கும்போது வீட்டை ஈரத்துணியால் துடைத்து முழுமையாகத் தூய்மை செய்ய வேண்டும். இந்நோய் உள்ளவர்கள் கம்பரசம்பேட்டை பறவைகள் பூங்கா போன்ற, பறவைகள் அடைக்கப்பட்ட இடங்களுக்குள் செல்வதையும் தவிர்ப்பது நல்லது.

கடி, கீறல், வயிற்றுநோய்

கிளி கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவ வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கிளிக்கடியால் அது வருவதில்லை என்பதால் அதற்கான தடுப்பூசி தேவையில்லை. காயம் வீங்கினாலோ சீழ் பிடித்தாலோ மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு காயத்தையும் புறக்கணிக்கக் கூடாது. கூண்டைத் தொட்டபின் கை கழுவாமல் உண்பதால் சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம்.

கிளியிடமிருந்து விலகியிருக்க வேண்டியவர்கள்

- ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய் உள்ளவர்கள்
- புற்றுநோய் மருந்து பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. தொற்றுடையவர்கள்
- நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள்
- கருவுற்றோர், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்

இவர்கள் கூண்டைத் தூய்மை செய்யவே கூடாது. நோயாளி உறங்கும் அறையில் கூண்டு இருக்கக் கூடாது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதில் காசநோய் இல்லை எனத் தெரிந்தும் இருமல் நீடித்தால் பறவைத் தொடர்பை மீண்டும் நினைவூட்ட வேண்டும். பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது பயனளிக்கும்:

- என்ன பறவை, எத்தனை ஆண்டுகளாக வீட்டில் உள்ளது, கூண்டு எங்கே உள்ளது
- கூண்டைத் தூய்மை செய்பவர் யார்
- அண்மையில் புதிய பறவை வந்ததா, பறவை நோயுற்றதா, இறந்ததா
- வெளியூர் சென்றிருந்தபோது இருமல் குறைந்து, வீடு திரும்பியதும் கூடியதா
- ஏர்கூலர், புறா, இறகுத் தலையணை, விறகடுப்பு, தொழிலிடத் தூசி பற்றிய விவரங்கள்

மருத்துவர் இவற்றைக் கேட்பது சிகிச்சைக்காகவே. சட்டத்தை எண்ணிக் கிளி இருப்பதை மறைத்தால், தேவையற்ற மருந்துகளும் வீணான மாதங்களுமே மிஞ்சும்.

அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், மனக்குழப்பம், நெஞ்சுவலி, ஆக்சிமீட்டர் அளவு வழக்கத்தைவிடக் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கூண்டைத் தூய்மை செய்யும் முறை

1. நலமான பெரியவர் ஒருவரே இதைச் செய்ய வேண்டும். என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும்.
2. கிளியை வேறு கூண்டுக்கு மாற்றி, நோயாளியை விலகியிருக்கச் செய்து, கதவு சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.
3. உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. முதலில் நீர் தெளித்து நனைத்தால் தூசி எழாது.
4. அடியில் விரித்த செய்தித்தாளை நாள்தோறும் சுருட்டி, பையில் கட்டி அகற்ற வேண்டும்.
5. வாரம் ஒருமுறை சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பின்னர் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, நன்கு அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை அமிலத்தைக் கலக்கக் கூடாது. நச்சுப்புகை எழும்.
6. நீர்க்கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.
7. முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடையை மாற்ற வேண்டும்.

கிளியின் நலம் பேணல்

இப்பகுதி சட்டப்படி வளர்க்கப்படும் வெளிநாட்டுக் கிளிகளுக்கு உரியது. பச்சைக்கிளி வைத்திருப்போர் அதனை ஒப்படைக்கும் வரை இம்முறைகளைப் பின்பற்றலாம். நெருக்கடியின்றி வாழும் கிளி கிருமியையும் குறைவாகவே வெளியேற்றும். ஆகவே கிளியின் நலத்தைப் பேணுவது வீட்டாரின் நலத்தையும் காக்கும்.

உணவு: விதைகளை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைபாடு, சுண்ணாம்புச் சத்துக் குறைபாடு, உடற்பருமன், கல்லீரல் கொழுப்பு ஆகியவை வரும். முளைகட்டிய பயறு, கம்பு, தினை ஆகியவற்றோடு முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், கொய்யா, பப்பாளி, கோவைப்பழம் ஆகியவற்றையும் தர வேண்டும். கிளிகளுக்கென விற்கப்படும் குருணைத் தீவனமும் நன்று. சூரியகாந்தி விதையும் நிலக்கடலையும் சிறிதளவே போதும். பூஞ்சை பிடித்த கடலை நஞ்சாகும். உப்பிட்ட சோறு, முறுக்கு, மிக்சர், பால், காப்பி, சாக்லேட், மது, வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ ஆகியவற்றைத் தரக் கூடாது. நீரை நாளுக்கு இருமுறை மாற்ற வேண்டும்.

இடம்: இரு சிறகுகளையும் முழுதாக விரித்தாலும் கம்பியில் படாத அளவு கூண்டு அகலமாக இருக்க வேண்டும். சிறிய வட்டக் கூண்டு கிளிக்கு ஏற்றதன்று. ஒரே பருமனுள்ள குச்சியில் எப்போதும் நிற்பதால் பாதத்தில் புண் உண்டாகும். வேம்பு, கொய்யா ஆகியவற்றின் பல பருமனுள்ள கிளைகளை வைக்கலாம். துருப்பிடித்த கம்பியையும் உதிரும் வண்ணப்பூச்சையும் தவிர்க்க வேண்டும். காலை இளவெயில் படவேண்டும். அதே வேளையில் கூண்டின் ஒரு பகுதி நிழலில் இருக்க வேண்டும்.

காற்று: கிளியின் நுரையீரல் மிக நுண்ணியது. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, சிகரெட், தாளிப்புப் புகை ஆகியவை அதற்குத் தீங்கு செய்யும். அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து எழும் ஆவி கிளியைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடும். எனவே சமையலறையிலோ அதனை ஒட்டியோ கூண்டை வைக்கக் கூடாது.

துணையும் உறக்கமும்: கிளி கூட்டமாக வாழும் பறவை. தனிமையில் நாள் முழுதும் அடைபட்டால் அலறும். தன் இறகுகளைத் தானே பிடுங்கும். மெல்லுவதற்கு மரத்துண்டு, தேடித் தின்னும்படி மறைத்து வைத்த உணவு, நாள்தோறும் கூண்டுக்கு வெளியே பாதுகாப்பான உலாவல் ஆகியவை தேவை. இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். இரவு நெடுநேரம் தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் கிளிக்கு உறக்கம் கிட்டாது.

கிளி நோயுற்றதன் அறிகுறிகள்

கிளி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. வெளிப்படையாகத் தெரியும்போது நோய் முற்றியிருக்கலாம். இறகுகளை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் அமர்தல், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குதல், கண் அல்லது மூக்கில் நீர் வடிதல், பச்சை நிறத்தில் நீர்த்த எச்சம், உண்ணாமை, எடை குறைதல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். கிளிக்காய்ச்சல் உறுதியானால் பறவைக்கு ஏறத்தாழ 45 நாள் மருந்து தரப்படும். மனிதருக்குரிய மாத்திரையைத் தாமாக நீரில் கலந்து தரக் கூடாது. புதிதாக வந்த பறவையைக் குறைந்தது 30 நாள் தனியே வைக்க வேண்டும்.

கிளி இறந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் இருந்தால், புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்கும் சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

கிளியை ஒப்படைத்தல்

பல ஆண்டுகள் கூண்டில் இருந்த கிளியை வெளியே பறக்கவிடுவது கருணைச் செயல் அன்று. அதன் பறக்கும் தசைகள் மெலிந்திருக்கும். இறகு கத்தரிக்கப்பட்டும் இருக்கலாம். இரை தேடவும் பகையை அறியவும் அதற்குத் தெரியாது. காகமும் பூனையும் விரைவில் அதைக் கொன்றுவிடும். அதனிடம் கிருமி இருந்தால் காட்டுக் கிளிகளுக்கும் பரவும்.

திருச்சிராப்பள்ளி மாவட்ட வன அலுவலகத்தையோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தையோ தொடர்புகொண்டு கிளியை ஒப்படைக்க வேண்டும். கிளியின் வயது, உண்ணும் உணவு, கேட்டுப் பழகிய சொற்கள், நோய் விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் புதிய இடத்தில் அதனைப் பேணுவோருக்கு உதவும்.

பதிவு செய்யப்பட்ட வெளிநாட்டுக் கிளியை வைத்திருக்கும் முதியோர், தமக்குப் பின் அதனைப் பேணுபவர் யார் என்பதைத் தாம் நலமாக உள்ளபோதே முடிவு செய்ய வேண்டும். அவர் கிளியோடு முன்னரே பழகியிருப்பதும், மாற்றத்தைப் பதிவில் தெரிவிப்பதும் தேவை.

முதியவரின் மனநலம்

இருபது ஆண்டுகள் பெயர் சொல்லி அழைத்த கிளியைப் பிரிவது, தனித்து வாழும் முதியவருக்கு உண்மையான இழப்பாகும். அவர் மருத்துவமனையில் இருக்கும்போது அவரறியாமல் கிளியை அகற்றிவிட்டு, பறந்துவிட்டது என்று கூறுவது நம்பிக்கையைக் குலைக்கும். மருத்துவரைக் கொண்டே காரணத்தை விளக்கச் செய்வது நன்று. அவர் தாமே முடிவெடுக்கவும், முகக்கவசத்தோடு விடைகொடுக்கவும் இடமளிக்க வேண்டும்.

பிரிவுக்குப் பின் நாளின் வெறுமையான வேளைகளை நிரப்ப வேண்டும். கிளிக்கு உணவிட்ட அதே நேரத்தில் தொலைபேசியில் பேசுதல், கோயிலுக்கு உடன் செல்லுதல், மாலையில் தென்னந்தோப்புகளுக்கு மேல் கூட்டமாகப் பறக்கும் கிளிகளைத் தொலைவிலிருந்து காணுதல் ஆகியவை உதவும். இரண்டு வாரங்களுக்கு மேல் உணவிலும் உறக்கத்திலும் நாட்டம் குறைந்திருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கிளிக்கு மாற்றாகப் புறாக்களுக்குத் தீனியிட்டுப் பழக்கக் கூடாது. நுரையீரல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் புறாவும் முதன்மையானது.

அடிக்கடி எழும் வினாக்கள்

கிளி நலமாக உள்ளது. அதனால் நோய் வருமா?
வரலாம். நலமாகத் தோன்றும் கிளியும் கிருமியை வெளியேற்றலாம். ஒவ்வாமை நோய்க்குக் கிருமியே தேவையில்லை. தூசியே போதும்.

முகக்கவசம் அணிந்தால் கிளியை வைத்துக்கொள்ளலாமா?
நலமானவருக்கு அது பாதுகாப்பைக் கூட்டும். ஒவ்வாமை நுரையீரல் நோய் உறுதியானவருக்கு அது போதாது.

வீட்டில் ஒருவருக்குக் கிளிக்காய்ச்சல் என்றால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?
அவர்களும் அதே தூசியைச் சுவாசித்தவர்கள் என்பதால், காய்ச்சலோ இருமலோ தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். பறவையையும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கே அணுகுவது?

- மருத்துவ ஆலோசனைக்கு: அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், திருவரங்கம் அரசு மருத்துவமனை, திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. நடமாட இயலாத முதியோர், வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடமும் கிளி இருப்பதைத் தெரிவிக்கலாம்.
- தொலைபேசி வழி சுகாதாரத் தகவலுக்கு: 104
- அவசர ஊர்திக்கு: 108
- கால்நடை மருத்துவ உதவிக்கு: 1962. உயர் சிகிச்சைக்கு நாமக்கல், ஒரத்தநாடு ஆகிய இடங்களிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நாடலாம்.
- கிளியை ஒப்படைக்க: மாவட்ட வன அலுவலகம், திருச்சிராப்பள்ளி.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரின் நேரடி ஆலோசனையைப் பெற வேண்டும்.